குளிர் என்ற கத்தி

கொழுக்கட்டை அச்சில் மாவை அடைத்து, இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். இடுக்கு வழியாகக் கொஞ்சம் மாவு வெளியே பிதுங்கும். வீட்டுப் பெண்கள் அதை விரல் நுனியால் வழித்து, மறுபடி மாவோடு சேர்த்துவிடுவார்கள். காரியம் முடிந்தது!

ஆனால் அச்சுக்குள் இருப்பது மாவு அல்ல, ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடமும் சமையல் அறை அல்ல, தொழிற்சாலை. அச்சிலிருந்து வருவது பத்துப் பதினைந்து கொழுக்கட்டை அல்ல. மிளகு அளவு முதல் வளையல் அளவு வரை லட்சக்கணக்கான வளையங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெங்காயச் சருகு போல மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விரலால் வழிக்க முடியாது. இழுத்தால் ரப்பர் நீளும். விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும்.

இந்தச் சவ்வை நீக்க என்ன வழி?

தொழில் நிபுணர்கள் கண்ட வழி விசித்திரமானது. கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம், குளிர் போதும் என்றார்கள். மார்கழி மாதக் குளிர் அல்ல அது; நீலகிரிக் குளிரும் அல்ல. பூமியின் மேல் மனிதர் தரையில் வைத்து அளந்த குளிர்களில் எல்லாம் கடுமையானது, 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென் துருவக் கண்டத்தில், வாஸ்டாக் என்ற ரஷ்ய ஆராய்ச்சி நிலையத்தில் அடித்த குளிர். அன்று அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 89 டிகிரி சென்டிகிரேடு. ரப்பர் சாமான்களைச் சீர் செய்யும் பெட்டிக்குள்ளே சில சமயம் அதையும் தாண்டி, பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரி வரை குளிரை இறக்குகிறார்கள்!

பிசிறு எங்கிருந்து வருகிறது?

உங்கள் பல் விளக்கும் பிரஷ்ஷை எடுத்து, அதன் கைப்பிடியின் பக்கவாட்டில் நகத்தை வைத்து மெள்ளத் தடவிப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தட்டுப்படும். சீப்பில் பாருங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் பாருங்கள். எங்காவது ஒரு கோடு இருக்கும். அச்சின் இரண்டு பாதிகளும் கூடிய இடம் அது.

அச்சு என்பது கெட்டியான எஃகு. அதைக் கடைந்து எடுப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், இரண்டு எஃகுப் பாளங்கள் அணுவளவும் இடைவெளி இல்லாமல் பொருந்துவது நடக்காத காரியம். ரப்பரை அச்சில் வைத்து, ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரி வரையில் சூடேற்றி, டன் கணக்கான பளுவோடு அழுத்துகிறார்கள். சூட்டில் இளகிய ரப்பர் ஊசி முனை நுழையாத இடுக்கையும் தேடிப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அச்சில் வைக்கும் ரப்பர் கொஞ்சம் குறைந்தாலும் சாமான் மூளியாகிவிடும். ஆகையால் தேவைக்கு மேல் சிறிது அதிகமாகவே வைப்பது வழக்கம். அந்த அதிகம் எங்கே போகும்? இடுக்கில்தான் போக வேண்டும். அச்சு பழசாகி, விளிம்பு தேயத் தேய, பிதுங்குவதும் அதிகமாகிறது. இப்படிப் பிதுங்கி உறைந்த சவ்வுக்குத்தான் பிசிறு என்று பெயர்.

வாளியிலும் முறத்திலும் பிசிறு இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மோட்டார் வண்டியின் பிரேக்கில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய ரப்பர் அடைப்புத்தான். ஆகாய விமானத்தின் சக்கரத்தை ஏற்றி இறக்கும் குழாய்களில் எண்ணெய் ஒழுகாமல் காப்பதும் ரப்பர் வளையந்தான். அங்கே பிசிறு இருந்தால் வளையம் தன் இடத்தில் சரியாகப் படியாது. படியாத இடத்தில் எண்ணெய் கசியும். பிசிறு பிய்ந்து எண்ணெயோடு போனால், மயிரிழை போன்ற துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். மருந்து ஏற்றும் குழாயில் அப்படி ஒரு துணுக்கு புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

எழுபத்திரண்டு வயதில் ஒரு வளையம்

இந்த வளையங்களில் மிகப் பிரசித்தமானது, ஆங்கில எழுத்தான ‘ஓ’வின் வடிவத்தில் இருக்கும் ஓ-ரிங். அதன் கதை சுவையானது.

நீல்ஸ் கிறிஸ்டென்ஸன் என்பவர் டென்மார்க்கில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய யந்திரத் தொழிலாளி. டிராம் வண்டிகளுக்குக் காற்றுப் பிரேக் அமைத்து முன்பே பெயர் வாங்கியவர். மற்றவர்கள் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடும் வயதில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உருளைக்குள் போய் வரும் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி, அதிலே ஒரு ரப்பர் வளையத்தைப் பொருத்திப் பார்த்தார். எண்ணெய் கசிவது நின்றது. 1937-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டபோது அவருக்கு வயது 72!

1939-இல் உரிமை கிடைத்தது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. யுத்தத்துக்கு அத்தியாவசியமான பொருள் என்று அமெரிக்க அரசாங்கம் அந்த உரிமையைத் தன் கையில் எடுத்து, பல தொழிற்சாலைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. விமானம் விமானமாக ஓ-ரிங் ஏறியது. கிறிஸ்டென்ஸன் 1952-இல் காலமானார். வழக்காடி அவருடைய வாரிசுகளுக்கு ஒரு லட்சம் டாலர் கிடைத்தது, அவர் மறைந்து 19 வருஷங்கள் கழித்து, 1971-இல்!

இன்று ஓ-ரிங் இல்லாத யந்திரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் திருகு, எரிவாயு அடுப்பு, தையல் யந்திரம் முதல் ராக்கெட் வரையில் எங்கும் அதுதான். உலகமெங்கும் கோடிக் கணக்கில் அச்சிலிருந்து வந்து விழுகின்றன. விழும் ஒவ்வொன்றுக்கும் பிசிறு உண்டு.

கையும் கத்தரிக்கோலும்

ஆரம்ப நாளில் கைதான் சகல வேலையும் செய்தது. விளக்கு வெளிச்சத்தின் கீழ் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வளையத்தை விரலில் மாட்டி, சிறு கத்தரியாலும் பிளேடாலும் சுற்றிச் சுற்றிச் சீவுவார்கள். இன்றைக்கும் எத்தனையோ பட்டறைகளில் இப்படித்தான் நடக்கிறது. பெரிய சாமான்களுக்கு அதுவே போதும்.

ஆனால் சட்டைப் பொத்தானை விடச் சிறிய வளையத்தைச் சீவிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். துணியோ காகிதமோ கத்தரிக்கு எதிர்த்து நிற்கும், வெட்டுப்படும். ரப்பர் வளைந்து கொடுத்து நழுவும். கொஞ்சம் அழுத்தினால் பிசிறோடு வளையத்தின் உடம்பிலும் ஒரு கீறல் விழும். கீறல் விழுந்த வளையம் பிசிறுள்ள வளையத்தை விட மோசம்! அழுத்தத்தோடு வரும் எண்ணெய் அந்தக் கீறலைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். நாள் முழுவதும் குனிந்து பார்க்கும் கண்ணுக்கு மாலையில் எல்லா வளையமும் ஒன்று போலவே தோன்றும். கை தவறும் நேரம் அதுதான்.

தேய்த்துப் பார்க்கலாமே என்றால், ரப்பர் தேய்கிற கல்லோடு இழுபட்டு, சூடேறி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ரப்பரின் அருமையே அது வளைந்து கொடுப்பதுதான். இங்கே தொந்தரவும் அதுதான்.

பேக்கலைட் சொல்லிய பாடம்

ரப்பருக்கு நேர் எதிரான குணமுள்ள ஒரு பொருள் தொழிற்சாலைகளில் முன்பே இருந்தது. பழைய வானொலிப் பெட்டி, கறுப்புத் தொலைபேசி, சுவரில் ‘டக்’கென்று அடிக்கும் மின்சார ஸ்விட்ச் இவை எல்லாம் எதனால் ஆனவை என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பேக்கலைட்! பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்கலண்டு என்ற ரசாயன நிபுணர் 1907-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த பிளாஸ்டிக் அது.

பேக்கலைட் அச்சிலிருந்து வரும்போதும் பிசிறு இருக்கும். ஆனால் அதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. பேக்கலைட் விறைப்பான பொருள், வளையாது, உடையும். சாமான்களை ஒரு பீப்பாயில் போட்டு உருட்டினாலே மெல்லிய பிசிறு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கூடவே அக்ரூட் ஓட்டையும் சர்க்கரை பாதாமிக் கொட்டையையும் இடித்துப் போடுவார்கள். பிசிறை உடைக்கும் அளவுக்கு அவை கடினம். சாமானின் பளபளப்பைக் கெடுக்காத அளவுக்கு மிருது.

ஆக, உடையும் பொருளுக்குக் கத்தி தேவையில்லை, தட்டினால் போதும். அப்படியானால் ரப்பரையும் ஒரு பத்து நிமிஷத்துக்குப் பேக்கலைட் ஆக்கிவிட்டால்? வேலை முடிந்ததும் மறுபடி ரப்பராக மாற்றிவிட்டால்?

மந்திரம் போலத் தோன்றுகிறது அல்லவா? ரப்பரின் உடம்பிலேயே அதற்கு வழி இருந்தது.

நெளியும் நூல்கள்

ரப்பரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் மிக நீளமான நூல். தட்டில் பிழிந்த இடியாப்பம் போல அவை ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆனால் இந்த இடியாப்பம் சும்மா கிடப்பதில்லை. உஷ்ணம் இருக்கும்வரை ஒவ்வொரு நூலும் நெளிந்துகொண்டே இருக்கிறது. இழுத்தால் நூல்கள் நீள்கின்றன. விட்டால் பழைய சுருளுக்குத் திரும்புகின்றன. ரப்பரின் ஜவ்வுத்தன்மை இதுதான்.

குளிர் ஏற ஏற இந்த நெளிவு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வந்ததும் நூல்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அப்போது ரப்பர் கண்ணாடியைப் போல் ஆகிவிடுகிறது. ரப்பர் பந்தை அந்த நிலைக்குக் குளிர வைத்துத் தரையில் ஓங்கி எறிந்தால், அது எழும்பாது; கண்ணாடி டம்ளர் போலச் சுக்கல் சுக்கலாகச் சிதறும்.

ஒவ்வொரு ரப்பருக்கும் இந்த எல்லை வேறு. மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பருக்கு ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி. மருத்துவச் சாமான்கள் பலவற்றுக்கு உதவும் சிலிகோன் ரப்பர் பெரிய வைராக்கியக்காரர். 120 டிகிரிக்குக் கீழே போனால்தான் அவர் முழுக்கப் பணிவார். நைலான் போன்ற சில பிளாஸ்டிக்குகளும் குளிரில் இப்படி உடையும் குணத்துக்கு வருகின்றன.

இதில் பெரிய சௌகரியம் ஒன்று. குளிரில் கண்ணாடியான ரப்பர், சூடு திரும்பியதும் பழைய ரப்பராகவே எழுந்து உட்காருகிறது. நூல்கள் அறுந்து போகவில்லை, தூங்கித்தான் போயிருந்தன.

காற்றைத் தண்ணீராக்கிய கதை

சரி, இவ்வளவு குளிருக்கு எங்கே போவது? முதலில் கைக்கு எட்டியது உலர் பனிக்கட்டி. உறைந்த கரியமில வாயுதான் அது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. அதை உடைத்து, ரப்பர் சாமான்களோடு பீப்பாயில் போட்டு உருட்டினார்கள். சில ரப்பர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சிலிகோனிடம் அது பலிக்கவில்லை.

அதற்கும் மேலான குளிர் நம்மைச் சுற்றியே இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அந்த நைட்ரஜனைக் குளிர வைத்துத் திரவமாக்கினால், பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும்!

போலந்து நாட்டுக் கிராக்கோ நகரத்தில் 1883-ஆம் ஆண்டில் இதைச் சாதித்தவர்கள் ரூப்ளெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இரண்டு பேராசிரியர்கள். காற்றிலுள்ள பிராண வாயுவையும் நைட்ரஜனையும் குழாயில் திரவமாகத் தேங்கி நிற்கும்படி செய்து காட்டினார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள். அடுத்தபடியாக ஹைட்ரஜனை ஆராய்ந்துகொண்டிருந்த ரூப்ளெவ்ஸ்கியின் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தது. குளிரை வென்ற மனிதர் தீக்காயத்தால் 1888-இல் உயிர் நீத்தார்.

திரவக் காற்றை வைத்துக்கொள்ளப் பாத்திரம் வேண்டுமே! இங்கிலாந்தில் ஜேம்ஸ் டியூவார் 1892-இல் இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்த குடுவையைச் செய்தார். நாம் காபி கொண்டுபோகும் தெர்மாஸ் பிளாஸ்க் அந்தக் குடுவையின் குழந்தைதான். 1895-இல் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே, காற்றைப் பெருவாரியாகத் திரவமாக்கும் யந்திரத்தை அமைத்தார்.

அப்புறம் வந்தது இரும்பாலை. 1952-இல் ஆஸ்திரியாவில் லின்ஸ் என்ற ஊரில், சுத்தமான பிராண வாயுவை ஊதி எஃகு செய்யும் முறை தொடங்கியது. பிராண வாயுவுக்காகக் காற்றைப் பிரித்தால், ஒரு பங்கு பிராண வாயுவோடு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜனும் வந்து நிற்கிறது. நெய் உருக்கும் வீட்டில் மோருக்குப் பஞ்சமா? திரவ நைட்ரஜன் லாரி லாரியாகக் கிடைக்கலாயிற்று. உலர் பனிக்கட்டி செய்ய முடியாத காரியத்தை அது செய்தது.

பெட்டிக்குள் ஒரு புயல்

இன்று இந்த வேலையைச் செய்யும் யந்திரம், பார்வைக்குப் பெரிய இரும்பு அலமாரி மாதிரி இருக்கும். சுவர்கள் கனமானவை, வெளிச் சூடு உள்ளே புகாமல் தடுப்பு வைத்தவை. உள்ளே சல்லடை போல் துவாரமுள்ள ஒரு கூடை. அதில் வளையங்களைக் கொட்டிக் கதவைச் சாத்தினால், திரவ நைட்ரஜன் பூந்தூறலாக உள்ளே பீறிடுகிறது. எத்தனை டிகிரி வேண்டுமோ அத்தனையில் நிறுத்திவைக்கத் தானியங்கிக் கருவி உண்டு.

கூடை மெதுவாகச் சுழன்று, வளையங்களைப் புரட்டிப் புரட்டிக் கொடுக்கிறது. அதற்கு எதிரே, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் ஒரு சக்கரம். அந்தச் சக்கரம் ரவை போன்ற பிளாஸ்டிக் மணிகளை வாரி வாரி வீசுகிறது. ஆலங்கட்டி மழை மாதிரி மணிகள் வந்து மோத, விறைத்துப்போன பிசிறு படபடவென்று உடைந்து விழுகிறது. மணிகளையும் பிசிறுத் துணுக்குகளையும் சல்லடை தனித்தனியே பிரிக்கிறது. மணிகள் மறுபடி சக்கரத்துக்குப் போகின்றன. பிசிறு குப்பைக்குப் போகிறது. எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது.

அந்த மணிகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மூக்குக் கண்ணாடி வில்லை செய்கிறார்களே, அதேதான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு நிபுணர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் 1953-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். மற்றப் பிளாஸ்டிக்குகள் நொறுங்கிப்போகும் குளிரிலும் அது உறுதி குலையாமல் நிற்கும். அக்ரூட் ஓட்டின் வேலையை இங்கே அது பார்க்கிறது.

அப்பளமும் வடையும்

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். பிசிறும் ரப்பர், வளையமும் ரப்பர். குளிர் இரண்டுக்கும் பொதுவாயிற்றே! பிசிறை உடைக்கும் மணி வளையத்தை ஏன் உடைக்கவில்லை?

இதற்கு விடையும் சமையல் அறையிலேயே இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் ஓர் அப்பளத்தையும் ஒரு வடையையும் சேர்த்துப் போடுங்கள். எண்ணெயின் சூடு இரண்டுக்கும் ஒன்றுதான். அப்பளம் கண் மூடித் திறப்பதற்குள் பொரிந்துவிடுகிறது. வடைக்கோ உள்ளே இன்னும் பச்சை மாவு. சூடு உள்ளே நுழையும் கணக்கும் வெளியே போகும் கணக்கும் ஒன்றுதான். மெல்லியது சட்டென்று தன் சூட்டை இழந்துவிடும். கனமானது மெள்ள மெள்ளத்தான் இழக்கும். பத்து மடங்கு கனமுள்ள பொருள் குளிர்வதற்குக் குறைந்தது பத்து மடங்கு நேரமாவது பிடிக்கும்.

அந்த இடைவேளைதான் இந்தத் தொழிலின் உயிர். பிசிறு கண்ணாடியாகிவிட்டது, வளையத்தின் உள்ளுடம்பு இன்னும் ரப்பராகவே இருக்கிறது. மணி வந்து மோதினால் பிசிறு முறியும், வளையம் அடியைத் தாங்கிக்கொள்ளும். அதோடு, மெல்லியது சிறு அடிக்கே ஒடியும் என்பதும் துணைக்கு வருகிறது.

ஆகவே எத்தனை டிகிரி என்பது ஒரு கேள்வி என்றால், எத்தனை நிமிஷம் என்பது அதை விடப் பெரிய கேள்வி. சீக்கிரம் நிறுத்தினால் பிசிறு அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் அதிகம் வைத்துவிட்டாலோ, குளிர் உள்ளே போய், வளையத்தின் விளிம்பே பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். பிசிறு நீக்கப் போய்ச் சரக்கையே குப்பையாக்கிய கதைதான்! ரப்பரின் ஜாதி, சாமானின் கனம், பிசிறின் கனம் இவற்றைப் பார்த்து, ஒரு கை சாமானைப் போட்டுச் சோதித்த பிறகுதான் அனுபவசாலிகள் முழுச் சரக்கையும் போடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசிறு மெல்லியதாக இருந்தால்தான் இந்தக் குளிரின் ஜம்பம் சாயும். அச்சு தேய்ந்து, பிசிறு கனத்துப்போனால் அப்பளத்துக்கும் வடைக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அச்சைச் செம்மையாகச் செய்தவனுக்குத்தான் குளிர் உதவும், சோம்பேறிக்கு உதவாது.

ஏழு உயிரைக் குடித்த விறைப்பு

பெட்டிக்குள்ளே, கணக்கோடு வரும்போது குளிர் நமக்கு வேலைக்காரன். அழையாமல் வந்து நுழைந்தால் அதுவே எமன்.

1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி, அமெரிக்காவில் பிளாரிடா கடற்கரையிலிருந்து சாலஞ்சர் என்ற விண்வெளி ஓடம் புறப்பட்டது. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை. முதல் நாள் இரவு அந்தப் பிரதேசத்தில் வழக்கமில்லாத குளிர். ஏவு மேடையில் பனிக்கட்டி தொங்கியது. கிளம்பும் சமயத்தில் காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரிதான். 73 விநாடிகளில் ஓடம் வானத்திலேயே சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள்.

காரணம் ஓர் ஓ-ரிங். ராக்கெட்டின் மூட்டுகளில் நெருப்பு வாயு கசியாமல் தடுக்கப் பன்னிரண்டு அடி விட்டமுள்ள ரப்பர் வளையங்கள் போட்டிருந்தார்கள். மூட்டு அசையும்போது வளையம் உடனே எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். அந்தக் குளிரில் வளையம் கண்ணாடியாகிவிடவில்லை, சுறுசுறுப்பைத்தான் இழந்தது. எழும்ப வேண்டிய க்ஷணத்தில் எழும்பவில்லை. நெருப்பு வெளியே வந்தது.

விசாரணைக் குழுவில் இருந்தவர் ரிச்சர்டு ஃபெயின்மன் என்ற பௌதிகப் பேராசிரியர், நோபல் பரிசு பெற்றவர். 1986 பிப்ரவரியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நெருக்கி, மேஜை மேல் இருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். சற்றுப் பொறுத்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. பெரிய அறிக்கைகளால் விளங்காத விஷயம் ஒரு டம்ளர் தண்ணீரில் விளங்கிவிட்டது.

வாசனை இல்லாத ஆபத்து

பிசிறு நீக்கும் பட்டறையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. திரவ நைட்ரஜன் மேலே பட்டால் தீப்பட்டது போலத் தோல் வெந்து புண்ணாகும். அதற்காவது கையுறை உண்டு, முகமூடி உண்டு. அதை விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகப் பெருகுகிறது. மூடிய அறையில் அது கசிந்தால், இருக்கிற பிராண வாயுவைத் தள்ளிவிட்டுத் தான் நிரம்பிக்கொள்ளும். நைட்ரஜனுக்கு விஷம் இல்லை, நிறம் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு முட்டுவது போன்ற உணர்ச்சி நமக்கு உண்டாவது பிராண வாயு குறைவதால் அல்ல, உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். நைட்ரஜன் நிறைந்த அறையில் அது சேர்வதில்லை. மனிதன் எச்சரிக்கையே இல்லாமல், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டே, நினைவிழந்து விழுகிறான்.

2021-ஆம் ஆண்டு, அதே ஜனவரி 28-ஆம் தேதி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கெய்ன்ஸ்வில் நகரில், கோழி இறைச்சியைத் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் ஓர் ஆலையில் இப்படித்தான் கசிவு ஏற்பட்டது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். உள்ளே போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர்களும் அவர்களில் சேர்ந்தார்கள்.

ஆகவே ரப்பர் சீராக்கும் பட்டறையானாலும் சரி, வேறு எந்த ஆலையானாலும் சரி, திரவ நைட்ரஜன் புழங்கும் இடத்தில் மூன்று விஷயங்கள் இருந்தே தீர வேண்டும்: காற்று வந்து போக நல்ல வழி, பிராண வாயு குறைந்தால் மணி அடிக்கும் கருவி, ஒருவர் மயங்கி விழுந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலேயே ஓடக்கூடாது என்ற பயிற்சி. குளிர்ந்த நைட்ரஜன் காற்றைவிடக் கனம். பள்ளத்திலும் தரை ஓரத்திலும் தேங்கி நிற்கும். கீழே விழுந்தவரைத் தூக்கக் குனிகிறவருக்குத்தான் அது முதலில் மூக்கில் ஏறும். கத்தரிக்கோல் பிடித்த விரலின் வலியைப் போக்க வந்த யந்திரம் உயிரைக் கேட்கக்கூடாது அல்லவா?

வேலை முடிந்ததும் பெட்டியைத் திறக்கிறார்கள். வெண்புகை போல மூடுபனி வழிந்து ஓடுகிறது. வெளிக் காற்றின் ஈரம் பட்டு, வளையங்களின் மேல் மெல்லிய பனி பூக்கிறது. அதை உலர்த்தி, வளையங்கள் சூடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒருவர் பிடியளவு வளையங்களை அள்ளி, பூதக் கண்ணாடியின் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். விரலால் நெருக்குகிறார், வளைந்து கொடுக்கிறது. விடுகிறார்; வட்டமாகிறது. விளிம்பில் நகத்தை ஓட்டுகிறார்.

நகத்தில் ஒன்றும் தட்டவில்லை என்றால், அந்தச் சரக்கைப் பொட்டலம் கட்டலாம்.